உங்களுக்குத் தெரியுமா? சீன விருந்தும் செட்டிநாட்டு அஞ்சறைப்பெட்டியும்

அரிமளத்திலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களை, உறவுக்காரர்கள் பெரிய சீன உணவகத்துக்கு அழைத்துப் போவது உண்டு. மெனு அட்டையைப் பிரிக்குமுன் இதைப் படித்து வையுங்கள்.

● சீனர்கள் தங்கள் சமையலை எட்டுப் பெரிய மரபுகளாகப் பிரிப்பார்கள். சிச்சுவானும் ஹூனானும் காரத்துக்குப் பேர்போனவை. கான்டன்காரர்களுக்கு மீனின் ருசிதான் முக்கியம்: ஆவியில் வேகவைத்து, இஞ்சி, வெங்காயத்தாள் தூவி, சூடான எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றினால் சரி.

● சீனாவின் ஐந்து மசாலாப் பொடியில் வழக்கமாகச் சேர்பவை அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு. கடைசி ஒன்றைத் தவிர மற்ற நான்கும் செட்டிநாட்டுச் சமையற்கட்டில் எப்போதும் இருக்கும். அதில் அன்னாசிப்பூவுக்குப் பூர்வீகம் தென்சீனாவும் வடக்கு வியட்நாமும்தான்.

● சிச்சுவான் மிளகு மிளகு இனமே அல்ல, எலுமிச்சைக் குடும்பம். கடித்தால் உதடு மரத்து, குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பு நொடிக்கு 50 முறை அதிர்வதுபோல உணரப்படுகிறது என்று 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

● மும்பை தாஜ் ஹோட்டலில் 1973-இல் திறந்த 'கோல்டன் டிராகன்', நாட்டின் முதல் சிச்சுவான் உணவகம் என்று பெயரெடுத்தது. சென்னை தாஜ் கோரமண்டலிலும் அதே பெயரில் ஒன்று உண்டு.

● அங்கே போய் மஞ்சூரியாவின் பாரம்பரிய உணவு என்று நினைத்து மஞ்சூரியன் கேட்காதீர்கள்! அது கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1970-களில் மும்பையில் உருவாக்கியது. மஞ்சூரியாவில் யாருக்கும் தெரியாது.

● சீனப் புத்தாண்டுச் சமயத்தில் சிங்கப்பூர் போனால் 'லோ ஹே' பார்க்கலாம். பச்சை மீன் துண்டு, துருவிய காய்கறியெல்லாம் நிறைந்த தட்டைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று, குச்சிகளால் உயரத் தூக்கிப் போட்டுக் கிளறுவார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிர்ஷ்டமாம். இன்றைய வடிவத்தை 1960-களில் பரப்பியவர்கள் சிங்கப்பூரின் நான்கு சமையல்காரர்கள்.

● சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலிருக்கும் என்பதால் முகம் சுளிப்பார்கள்.

● நம் பந்தியில் இலையை மடித்தால் 'போதும்' என்று அர்த்தம். கான்டன் உணவகத்தில் தேநீர்க் கெட்டிலின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் 'இன்னும் ஊற்றுங்கள்' என்று அர்த்தம். கூப்பிடாமலே வந்து வெந்நீர் ஊற்றுவார்கள்.

● சீனப் பீங்கான் நம் பக்கம் வந்து பல நூற்றாண்டு ஆகிறது. அரிமளத்துக்குத் தெற்கே, ராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தில் செஜியாங் மாகாணத்து லோங்சுவான் பச்சைப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

● ஹாங்காங் இனிப்புக் கடைகளில் கறுப்பு ஒட்டரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார்கள். நம் கல்யாண வீட்டுக் கவுனி அரிசிக்கு நெருங்கிய சொந்தம். மெனுவில் இருந்தால் விடாதீர்கள். நெய் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று வெயிட்டருக்கு நீங்களே யோசனை சொல்லலாம்!