வாயுப்பிடிப்பா, இதய வலியா? மாடிப்படி சொல்லும் பதில்

“ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான்... வாயு பிடிச்சிருக்கு” என்றபடி சோடாவைத் தேடுவதுதான் நெஞ்சுவலிக்கு நம் வீடுகளில் நடக்கும் முதல் வைத்தியம். பல நேரம் அது வாயுவாகவே இருந்துவிடும். சிக்கலே அங்கேதான். நிஜமாகவே இதயம் வலிக்கிற நாளிலும் சோடா மூடியைத் திறந்துகொண்டிருப்போம்.

இதயத் தசைக்குப் போதுமான ரத்தம் கிடைக்காதபோது வரும் வலிக்கு ‘ஆஞ்சைனா’ என்று பெயர். ஊசி குத்துவதுபோல இருக்காது. நடு நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல, இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். இடது கை, தாடை வரை பரவலாம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-லேயே இதை விவரித்துவிட்டார்: நடக்கும்போது வரும், மேடு ஏறினாலும் சாப்பிட்ட கையோடு நடந்தாலும் அதிகமாக வரும், நின்றால் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு வந்தாலே வாயு என்று தீர்ப்பு எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள்!

வலி எவ்வளவு தீவிரம்? இதை அளக்க, 1976-ல் வெளியான கனடா இதயநோய்ச் சங்கத்தின் அளவுகோலைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், மாடிப்படி போதும். கடுமையாக உழைத்தால் மட்டும் வலி என்றால் முதல் நிலை. வேகமாகப் படியேறினாலோ, ஒரு மாடிக்கு மேல் ஏறினாலோ வந்தால் இரண்டாம் நிலை. சாதாரண வேகத்தில் ஒரே ஒரு மாடி ஏறுவதற்குள் வந்துவிட்டால் மூன்று. எந்த வேலை செய்தாலும், சும்மா உட்கார்ந்திருந்தாலும்கூட வந்தால் நான்கு. “எத்தனை படி ஏறுவீங்க?” என்று டாக்டர் கேட்பது பேச்சுக்காக அல்ல. “பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்” என்று நாம் சொல்லும் பதில்தான் அவருக்குப் பயன்படுவதில்லை.

அதே வேலைக்கு, அதே அளவில் வந்து, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அடங்குவது நிலையான ஆஞ்சைனா. இதற்கு மாத்திரையும் பரிசோதனையும் வேண்டும், பதற்றம் வேண்டாம். இந்தக் கணக்கு மாறும்போதுதான் ஆபத்து. இரண்டு மாடி ஏறியவருக்கு இப்போது பத்துப் படியிலேயே வலிக்கிறதா? ஓய்வில் வருகிறதா? புதிதாக வந்து கடுமையாக இருக்கிறதா? இது நிலையற்ற ஆஞ்சைனா. மாரடைப்புக்குப் பக்கத்து வீடு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே பைக்கை எடுக்காதீர்கள்.

வேறு வகைகளும் உண்டு. ரத்தக்குழாய் திடீரென்று சுருங்குவதால் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும் வலியை 1959-ல் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் பிரின்ஸ்மெட்டல். பெரிய குழாய்களில் அடைப்பே இல்லாமல், நுண்ணிய குழாய்களின் கோளாறால் வரும் வலி பெண்களிடம் அதிகம். “ஆஞ்சியோ நார்மல்தானே, எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டில் இவர்கள் வாங்கும் பேச்சு கொஞ்சமல்ல. பெண்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் தலைகாட்டலாம். 2021-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், ‘வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி’ என்ற பழைய முத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே ஆபத்தில்லை என்று நினைக்கத் தோன்றும் என்பது ஒரு காரணம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள். ரத்த அழுத்தம் குறைந்து மயக்கம் வரலாம். ஆண்மைக் குறைபாட்டுக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், கூச்சப்படாமல் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாக இறங்கும். பக்கத்து வீட்டு மாமாவின் மாத்திரையைக் கடன் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று, வலி அடங்கிய பிறகு எடுக்கும் இ.சி.ஜி. நார்மலாக இருக்கலாம். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்த வலியைச் சோடாவோடு எதிர்கொண்டுவிடாதீர்கள்.