கூரை நின்றது, சீலிங் விழுந்தது

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வீடு கட்டுபவர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: ஆண்ட்ரூவுக்கு முன், ஆண்ட்ரூவுக்குப் பின். 1992 ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே கரையேறிய அந்த ஹரிக்கேன் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தரைமட்டமாக்கியது. கூரைப் பலகைகளை ஒழுங்காக ஆணியடிக்காமல் விட்டது முதல் கூரை முனையின் முக்கோணச் சுவருக்கு முட்டுக்கொடுக்காதது வரை ஒப்பந்தக்காரர்களின் மெத்தனம் அத்தனையும் அன்று வெளிச்சத்துக்கு வந்தது. பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகு, 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதிமுறை அமலானது.

அந்த விதிமுறைக்கு முதல் பெரிய தேர்வு 2004 ஆகஸ்ட் 13 அன்று வந்தது. சார்லி புயல் புன்டா கோர்டா நகரை மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துச் சென்றது. ஆய்வுக்குப் போன பொறியாளர்கள் கண்டது பாதி நல்ல சேதி. புதிய விதிப்படி கட்டிய வீடுகளின் சுவரும் கூரைச் சட்டமும் அசையாமல் நின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் உள்ளே சீலிங் இடிந்து, மெத்தையும் மின்சாதனங்களும் ஊறிக் கிடந்தன. தண்ணீர் வந்த வழிகளில் முக்கியமான ஒன்று, காற்றோட்டத்துக்கென்று வீட்டுக்காரரே விட்டுவைத்த துளைகள்.

அந்த வீடுகளின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். அங்கே சரிவான கூரைக்கும் அறையின் சீலிங்குக்கும் நடுவில் ‘அட்டிக்’ என்ற வெற்றிடம் இருக்கும். அதன் தரையில் வெப்பம் இறங்காமலிருக்கப் பஞ்சு பரப்பியிருப்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் வெளியேற அட்டிக்குக்கு வெளிக்காற்று வேண்டும். தரைப்பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு வேண்டும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 300-ல் ஒரு பங்கு போதும் என்பது விதி. 150 சதுர மீட்டர் அட்டிக்குக்கு முதல் கணக்குப்படி ஒரு முழு சதுர மீட்டர் திறப்பு. சட்டமே சேர்த்துப் போடச் சொன்ன ஓட்டை அது.

இந்தத் திறப்பின் பெரும்பகுதி இறவானத்தின் அடிப்புறத்தில் இருக்கும். சுவரைத் தாண்டி நீளும் கூரையின் கீழே, துளையிட்ட வினைல் அல்லது அலுமினியத் தகடுகளைப் பொருத்தி மூடியிருப்பார்கள். ‘சாஃபிட்’ என்று பெயர். அண்ணாந்து பார்த்தாலொழிய யார் கண்ணிலும் படாது. விலையும் மலிவு. பல வீடுகளில் தகட்டின் ஒரு விளிம்பு சுவரோரப் பள்ளத்தில் வெறுமனே செருகப்பட்டிருக்கும், அவ்வளவே.

சுவரில் மோதும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்பி, இறவானத்தைக் கீழிருந்து தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். ஹரிக்கேன் என்ற பெயருக்குக் குறைந்தபட்சமான 119 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். வேகம் இரட்டித்தால் 270 கிலோ. பள்ளத்தில் செருகிய தகடு அதைத் தாங்குமா? வளைகிறது, நழுவுகிறது, பறக்கிறது. அடுத்த நிமிடமே முழு இறவானமும் வாயாகத் திறந்துகொள்கிறது. புயல்மழை மேலிருந்து கீழே விழுவதில்லை. கிடைமட்டமாகப் பாய்ந்து, சுவரில் பட்டு மேலேறி, நேராக அட்டிக்குக்குள் போகிறது. பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. அதற்கடியில் இருப்பதோ நனைந்தால் மாவாகும் ஜிப்சம் பலகை. மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். விழாமல் தப்பிய சீலிங்கிலும் சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும்.

மற்றத் திறப்புகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. முக்கோணச் சுவரில் வைக்கும் காற்றோட்டச் சட்டங்கள் காற்றை எதிர்கொண்டு நிற்பதால், பிய்த்துக்கொண்டு போகாமலேயே நீரை உள்ளே விடும். புயலுக்கு முன் பிளைவுட் வைத்து அடைப்பதே வழி. கூரைமேல் சுழலும் உருளைகளின் தலையைக் கழற்றிவிட்டு, துளையைப் பலகையால் மூடச் சொல்கிறது அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா. முகடு நெடுகப் பதிக்கும் திறப்புகள் நல்லவைதான். குட்டை ஆணியில் நின்றால் போய்விடும், திருகாணியில் நின்றால் தாக்குப்பிடிக்கும். முகட்டிலும் இறவானத்திலும் பொருத்தும் இந்த அமைப்புகளைக் காற்றும் மழையும் சேர்த்து அடித்துச் சோதிக்க, மயாமி-டேட் மாவட்டம் தனிச் சோதனைமுறையே வகுத்திருக்கிறது.

புயலடிக்கும்போது சன்னலைத் திறந்துவைத்தால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்றொரு பழைய நம்பிக்கை அமெரிக்காவில் உண்டு. வடிகட்டிய பொய். அங்குள்ள பொறியாளர்களின் கணக்கு விதிப்படி, மூடிய கட்டடத்தில் உள்ளழுத்தக் கெழு 0.18, பெரிய திறப்பு ஒரு பக்கம் ஏற்பட்டுவிட்டால் 0.55. கூரையை உள்ளிருந்து தூக்கும் விசை மூன்று மடங்காகிறது. ஆண்ட்ரூவில் வாகனக் கொட்டகைக் கதவு உடைந்த பின் கூரை போன வீடுகள் இதற்குச் சாட்சி. ஆகவே காற்றுத்துளை வேறு, திறந்த சன்னல் வேறு.

அப்படியானால் துளையே இல்லாமல் அட்டிக்கை மூடிக் கட்டினால் என்ன? கூரைப் பலகையின் அடியில் நுரை தெளித்து அடைக்கும் முறை இப்போது விதிகளில் அனுமதிக்கப்பட்டதுதான். உள்ளே தண்ணீர் போக வழி குறைவு; நுரை, பலகைக்குக் கூடுதல் பிடிமானமும் தருகிறது. ஆனால் செலவு அதிகம். மேலே ஓடு ஒழுகினால் நுரை அதை மறைத்துவிடும்; பலகை உளுத்த பிறகே தெரியவரும். புதிதாகக் கட்டுபவர் யோசிக்கலாம். பழைய வீட்டுக்காரர் அதற்குமுன் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது: இறவானத் தகட்டின் விளிம்பு நெடுக பாலியூரிதேன் பசை பூசி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் சட்டத்தோடு இறுக்குவது. ஒரு வார இறுதியில் முடிகிற காரியம்.

இது தெரிந்த பிறகும் 2017-ல் இர்மா புயலிலும், 2018 அக்டோபரில் மெக்சிகோ பீச் ஊரைத் துடைத்துச் சென்ற மைக்கேலிலும் இறவானத் தகடுகள் கொத்துக்கொத்தாகப் பறந்தன. ஃபுளோரிடாவின் வீட்டு விதிமுறையில் சாஃபிட்டுக்கென்று தனிப் பிரிவு 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. சார்லிக்கும் அதற்கும் நடுவே பதினாறு ஆண்டுகள். என் பார்வையில் இது அறிவின் குறையல்ல, அக்கறையின் குறை.

டாம்பாவிலோ ஒர்லாண்டோவிலோ வீடு வாங்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், கூரை ஓட்டையும் சன்னலையும் பார்த்த கையோடு இறவானத்தின் அடியிலும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தகடு எதில் பிடித்து நிற்கிறது என்று கேட்கட்டும். செருகியதோடு சரி என்றால், ஜூன் 1-ல் புயல் பருவம் தொடங்கும் முன் திருகாணி அடித்துவிடச் சொல்லுங்கள்.