'ஜாக்கெட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஸ்பானியத் திசைச்சொற்களும்

1. முன்னுரை

அன்றாடப் பொருள்களைக் குறிக்கும் சொற்கள் மொழிபெயர்ப்புக்கு எளியன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தத்துவம், சட்டம் போன்ற துறைகளின் கலைச்சொற்களுக்கே இணைச்சொல் தேடி இடர்ப்பட வேண்டும். கண்ணால் கண்டு கையால் தொடத்தக்க பொருள்களுக்கு அகராதியே போதும் என்பர். ஆனால் ஒரே மொழி பல நாடுகளில் வழங்கும்போது நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக அமைகிறது. கலைச்சொற்கள் நாடுகளிடையே ஒத்திருக்க, உடை, உணவு, வீட்டுப் பொருள் ஆகியவற்றின் பெயர்களே வேறுபடுகின்றன. இருபது நாடுகளில் அரசு மொழியாக வழங்கும் ஸ்பானியம் இதற்குத் தக்க சான்றாகும். 'ஜாக்கெட்' என்னும் எளிய ஆங்கிலச் சொல் அம்மொழியில் எவ்வாறு பெயர்க்கப்படுகிறது என்பதும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கல்களும் இங்கு ஆராயப்படுகின்றன. கீழே தரப்படும் ஸ்பானியச் சொற்களில் சகரம் 'பச்சை' என்பதில் வருவதுபோல ஒலிக்கும்.

2. ஆங்கிலச் சொல்லின் பொருட்பரப்பு

ஆங்கிலத்தில் 'ஜாக்கெட்' ஒரு பொதுப்பெயர். பிற உடையின் மேல் அணியப்படுவது, கை வைத்தது, முன்புறம் திறப்புடையது, இடுப்பளவிலோ சற்றுக் கீழோ முடிவது ஆகிய கூறுகளே அதன் பொருளை வரையறுக்கின்றன. தோலா, கம்பளியா, குளிருக்கா, விழாவுக்கா என்னும் வேறுபாடுகள் அடைமொழிகளால் உணர்த்தப்படுகின்றன.

ஒரு சொல் இன்னொரு மொழிக்குள் புகும்போது இப்பரப்பு அப்படியே உடன் வருவதில்லை. தமிழகத்தில் 'ஜாக்கெட்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது சேலையுடன் அணியும் ரவிக்கையே. ஆடவர் உடையைக் குறிக்க வேண்டுமாயின் 'தோல் ஜாக்கெட்' என்பதுபோல அடைமொழி தேவைப்படுகிறது. தமிழில் கடன்சொல் ஒன்றன் பொருள் சுருங்கியது. ஸ்பானியத்திலோ ஒரு பொதுப்பெயரின் இடத்தைப் பல திசைச்சொற்கள் பகிர்ந்துகொண்டுள்ளன.

3. நாடுதோறும் வேறுபடும் பெயர்கள்

இருமொழி அகராதிகள் பெரும்பாலும் முதலில் தரும் இணைச்சொல் 'சாக்கேத்தா' என்பதாகும். ஸ்பெயின், கொலம்பியா, சிலி முதலிய நாடுகளில் இது இயல்பாக வழங்குகிறது. எனினும் ஸ்பெயினிலேயே இடுப்போடு முடியும் குட்டை ஜாக்கெட் 'கஸதோரா' எனப்படும். வேட்டையைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் இது. சூட்டின் மேற்பகுதியான கோட்டு அங்கு 'அமெரிக்கானா' எனப்படும். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்திலோ அதே கோட்டு பொதுவாக 'ஸாக்கோ' எனப்படுகிறது.

குளிருக்கு அணியும் சாதாரண ஜாக்கெட் மெக்சிகோவில் 'சமார்ரா', அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே நாடுகளில் 'கம்ப்பேரா', பெருவில் 'கஸாக்கா', குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் நாடுகளில் 'சும்ப்பா'. ஆகவே ஒரே தோல் ஜாக்கெட்டை ஐந்து நாட்டுக் கடைகளில் விற்க முனையும் நிறுவனத்துக்கு ஐந்து பெயர்கள் தேவைப்படலாம்.

4. ஒரு சொல், பல ஆடைகள்

ஒருபொருட் பன்மொழியாக மட்டும் இருப்பின் ஒரு பட்டியலால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் இச்சொற்கள் பிற நாடுகளில் வேறு பொருள் தருவனவாகவும் உள்ளன. 'ஸாக்கோ' மெக்சிகோவில் சூட்டுக் கோட்டு, கொலம்பியாவில் அது ஸ்வெட்டரையும் குறிக்கும், ஸ்பெயினில் சாக்குப்பை. 'கஸாக்கா' பெருவில் தெருவில் அணியும் ஜாக்கெட். ஸ்பெயின் நாட்டவர்க்கோ பழங்காலச் சீருடையான நீண்ட அங்கியை நினைவூட்டும். 'கம்ப்பேரா' என்னும் சொல்லை ஸ்பெயின் நாட்டவர் ஒருவகைக் காலணியாகக் கொள்ளக்கூடும்.

'ஜம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது. அது 'சோம்ப்பா' என மாறிப் பெரு, பொலிவியா நாடுகளில் ஸ்வெட்டரையும், ஈக்வடாரில் ஜாக்கெட்டையும் குறிக்கிறது. 'சும்ப்பா' என்னும் வடிவில் குவாத்தமாலாவில் ஜாக்கெட்டாயிற்று. 'சோம்பா' என்னும் வடிவில் அர்ஜென்டினாவில் காலர் வைத்த டி-ஷர்ட்டாயிற்று. மூலம் ஒன்றாயினும் ஆடைகள் மூன்று. சொற்பிறப்பை நம்பிப் பொருள் கொள்வது இங்குப் பயன் தராது.

5. அவையல்கிளவியும் நடுநிலைச் சொல்லும்

எந்த நாட்டுக்கும் பொதுவான 'நடுநிலை ஸ்பானியம்' என்னும் கருத்து திரைப்பட, தொலைக்காட்சி மொழிமாற்றத்தால் வலுப்பெற்றது. கணினி மென்பொருள்களும் ஐக்கிய நாடுகள் அவையின் வட்டாரக் குறியீடான 419 என்னும் எண்ணைப் பயன்படுத்தி, லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே பதிப்பை வழங்குகின்றன. அத்தகைய பதிப்பில் 'ஜாக்கெட்' என்பதற்கு நிகராகப் பரப்பு மிகுந்த 'சாக்கேத்தா' என்பதையே ஆள்வது எளிது எனத் தோன்றும்.

ஆனால் மெக்சிகோவில் இச்சொல்லுக்குக் கொச்சையான பாலியல் பொருள் ஒன்று உண்டு. தமிழ் இலக்கண மரபு கூறும் அவையல்கிளவியின் நிலை அது. ஆதலின் ஆடையைக் குறிக்க அதனைப் பலர் தவிர்ப்பர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12.6 கோடி மக்கள் வாழும் மெக்சிகோவே ஸ்பானியம் வழங்கும் நாடுகளுள் பெரியது. பொதுச்சொல் எனக் கருதப்படுவது மிகப் பெரிய வாசகர் கூட்டத்திடம் நகைப்புக்கு இடமாகுமாயின், அதனை நடுநிலைச் சொல் எனக் கொள்ள இயலாது.

6. கலைச்சொற்களின் ஒருமைப்பாடு

இதற்கு மாறாக, உயிர்காப்பு ஜாக்கெட் ஸ்பானியத்தில் 'சலேக்கோ ஸல்வவீதஸ்' எனப் பரவலாக வழங்குகிறது. 'சலேக்கோ' கையில்லா மேலாடையின் பெயர். துப்பாக்கிக் குண்டின் உலோக உறைக்கு ஆங்கிலம் 'ஜாக்கெட்' எனப் பெயரிட, ஸ்பானியம் அதனைக் 'கமீஸா', அதாவது சட்டை என்கிறது. இவற்றில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான ஆடைப்பெயர் ஆளப்படவில்லை. எனினும் குழப்பம் நேர்வதில்லை. ஏட்டு வழியும் பயிற்சி வழியும் பரவும் கலைச்சொற்கள் எல்லைகளைக் கடக்கின்றன. வீட்டிலும் சந்தையிலும் வாய்மொழியாகப் பரவும் சொற்கள் அந்தந்த மண்ணிலேயே வேரூன்றுகின்றன.

7. சாட்சியமும் சொல்லும்

விற்பனைப் பட்டியலில் நேரும் பிழையால் வணிக இழப்பு மட்டுமே உண்டாகும். நீதிமன்றத்தில் அவ்வாறன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பணியை 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அங்கு ஸ்பானியம் பேசும் சாட்சி மெக்சிகோ, குவாத்தமாலா, கொலம்பியா என எந்நாட்டைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். கொலம்பியச் சாட்சி ஒருவர் தாம் கண்டவர் 'ஸாக்கோ' அணிந்திருந்ததாகக் கூறுகிறார் எனக் கொள்வோம். மெக்சிகோ வழக்குக்குப் பழகிய மொழிபெயர்ப்பாளர் அதனைச் 'சூட்டுக் கோட்டு' எனப் பெயர்ப்பின், ஸ்வெட்டரைக் கண்ட சாட்சி முரணாகப் பேசியவராகத் தோன்றுவார். அவருடைய சொல்லில் குற்றமில்லை. ஆயினும் நம்பகத்தன்மையை இழப்பவர் அவரே. இத்தகைய இடத்தில் நீதிபதியின் இசைவுடன் சாட்சியிடமே விளக்கம் கேட்டுத் தெளிவதுதான் முறையாகும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, சொல்லைப் பெயர்ப்பதற்குமுன் அது சுட்டும் ஆடையைத் தெளிதல் வேண்டும். இரண்டாவது, படிப்பவர் நாட்டை அறிதல் வேண்டும். ஸ்பானிய மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொல்லகராதி நாட்டுக் குறிப்புகளோடு பொருள் தருவதால் இதற்குத் துணையாகும். மூன்றாவது, பல நாட்டினர்க்கும் பொதுவான பனுவலாயின் 'குளிர் காக்கும் உடை' என்பது போன்ற விரிந்த தொடரையோ, படத்தையோ, துணியும் நீளமும் குறித்த அடைமொழியையோ நாடலாம். நான்காவது, புதினத்தில் பாத்திரம் பேசும் சொல் அதன் மண்ணைக் காட்டுவதாதலின், அங்குப் பொதுமை தேடுவது இழப்பாகும். பியூனஸ் அயர்ஸ் இளைஞன் 'கம்ப்பேரா' என்றே பேச வேண்டும்.

இருமொழி அகராதி தொகுப்போர்க்கும் இதில் கடமை உண்டு. நாட்டுக் குறிப்பின்றி இணைச்சொற்களை வரிசைப்படுத்தும் பதிவு, அவற்றுள் எதனையும் எங்கும் ஆளலாம் என்னும் தவறான உறுதியைத் தருகிறது. எச்சொல் எங்கு வழங்கும் என்பதோடு, எங்கு வழங்கலாகாது என்பதையும் கூறும் அகராதியே மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படுவதாகும்.