கறுப்பு பாட்டிலில் ஒரு புளிப்பு!

பௌர்ணமி கிரிவலம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடை. பாதி வழியிலேயே நாக்கு வறண்டு போகிறது. "இந்தக் கோலாவைக் குடிங்கப்பா, தெம்பா இருக்கும்" என்று அப்பாவிடம் பாட்டிலை நீட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்க! அப்பாவுக்கு சர்க்கரை மட்டும்தானா, கிட்னியிலும் கோளாறு உண்டா?

எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். கறுப்புக் கோலாவில் புளிப்பதோ பாஸ்பாரிக் அமிலம். பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? பாஸ்பரஸ் எரிந்தால் வெள்ளைப் புகை வரும். அது தண்ணீரில் கரைந்தால் இந்த அமிலம். இதில் ஒரு ஆக்சிஜன் குறைந்தால் பாஸ்பரஸ் அமிலம். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, சரக்கு வேறு. மல்லாட்டைக்குப் போடுகிறார்களே சூப்பர் பாஸ்பேட், அது பாஸ்பாரிக் அமிலத்தின் உப்புதான். ராணிப்பேட்டையில் 1906-லேயே அதைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பாஸ்பரஸ் நமக்கு விரோதி அல்ல. உடம்பில் உள்ளதில் சுமார் 85 சதவீதம், கால்சியத்தோடு கைகோர்த்து எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளுவது கிட்னி. அது பழுதானால் ரத்தத்தில் பாஸ்பேட் தேங்கும். உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும், எலும்பு பலமிழக்கும், ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புபோலப் படியும்.

"பருப்பிலும்தான் பாஸ்பரஸ் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதியைத்தான் நம் குடல் உறிஞ்சும். பாட்டிலில் கலந்த அமிலமோ அநேகமாக முழுசாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். நியாயமாகச் சொன்னால், ஒரு டம்ளர் பாலில் கோலாவைவிட அதிக பாஸ்பரஸ் உண்டு. அதனால்தான் கிட்னி நோயாளிக்குப் பாலையும் அளவாகத் தரச் சொல்கிறார்கள். பாலிலாவது புரதம் இருக்கிறது, கோலாவில் சர்க்கரையைத் தவிர என்ன இருக்கிறது?

"அப்போ இளநீர் வாங்கித் தரலாமே!" அங்கேதான் வினை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். நல்லது என்று நினைத்து வாங்கித் தருவது கோலாவைவிட மோசமாகிவிடும்.

வெறும் தண்ணீர்தான் சரி. அதிலும் சிலருக்குக் கட்டுப்பாடு உண்டு. கிளம்புவதற்கு முன், "இவ்வளவு தூரம் நடக்கலாமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கடையில் பாட்டில் வாங்கினால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 338 என்ற எண் இருந்தால், அது பாஸ்பாரிக் அமிலம்.