உஷார்! உறுமுகிற நாயை அதட்டாதீர்கள்

வீட்டு நாய் உறுமினால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். “ஏய்!” என்று ஓர் அதட்டல். அதற்கும் மசியாவிட்டால் மூக்கில் ஒரு தட்டு. நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். “பார்த்தியா, ஒரு சத்தம் போட்டா அடங்கிடுவான்” என்று பெருமை வேறு! ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நாயின் பயமோ எரிச்சலோ அப்படியேதான் இருக்கிறது. அடங்கியது சத்தம் மட்டும். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த தடவை நேரே பல்தான். “திடீர்னு கடிச்சிடுச்சு சார்” என்று மருத்துவரிடம் ஓடுகிற பல வீடுகளில், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்ததே வீட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

2022 ஜூலையில் லக்னோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அவர் வீட்டு பிட்புல்லே கடித்துக் கொன்றது. 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. 2025 ஆகஸ்டில் அதே சென்னையின் ஜாபர்கான்பேட்டையில் தெருவில் போன ஒருவர் பிட்புல் கடித்து இறந்தார். நாயை இழுத்துப் பிடிக்கப் போன உரிமையாளருக்கும் காயம். இதையெல்லாம் படித்துவிட்டு, “நம்மகிட்ட இருக்கிறது லேப்ரடார்தானே” என்று பேப்பரை மடித்து வைக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். இனம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிட்புல்லின் தாடையில் சிக்கினால் சேதம் கொடூரமாக இருக்கும். ஆனால் கடிக்கத் தூண்டும் காரணங்கள் எல்லா நாய்க்கும் பொது: பயம், வலி, தன் பொருளைப் பறித்துவிடுவார்களோ என்ற சந்தேகம். பொமரேனியனும் குழந்தையின் உதட்டைக் கிழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சோபாவுக்கு அடியில் மட்டன் எலும்போடு நாய். குழந்தை தவழ்ந்து அதன் பக்கம் போகிறது. நாய் கடிப்பதை நிறுத்துகிறது. தலை எலும்பின் மேல் கவிழ்ந்தபடியே இருக்க, கண் மட்டும் குழந்தை பக்கம் திரும்புகிறது. விழியோரத்தில் வெள்ளை தெரிகிறது. நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகிறது. உடம்பு கட்டையாக விறைக்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் உறுமல். எதிரே உட்கார்ந்து போனில் வீடியோ எடுக்கும் மாமாவுக்கோ, “ரெண்டும் என்னமா ஃபிரெண்ட்ஸ் பாரு!”

அந்த நொடியில் குழந்தையைத் தூக்குங்கள். எலும்பைப் பிடுங்கப் போகாதீர்கள், நாயைத் திட்டவும் வேண்டாம். சாப்பிடும் நாயின் தட்டை அடிக்கடி எடுத்து எடுத்து வைத்தால்தான் பழகும் என்று யாராவது சொன்னால், அந்த யோசனையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “இவன் வந்தாலே சோறு போய்விடும்” என்ற பாடத்தைத்தான் நாய் அதில் படிக்கும். தட்டுப் பக்கம் பெரியவர்கள் போகும்போதெல்லாம் எட்ட நின்றே ஒரு துண்டு சிக்கனைப் போட்டுவிட்டு வந்து பாருங்கள்; சில வாரங்களில் உங்களைக் கண்டால் வால் ஆடும்.

வால் என்றதும் இன்னொன்று. வாலாட்டுகிற நாய் கடிக்காது என்பது வெறும் நம்பிக்கை. இடுப்பும் சேர்ந்து தளர்வாக ஆடினால் குஷி. விறைப்பாக மேலே தூக்கி, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் ஒதுங்கிவிடுங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், தடவும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் “போதும், விடு” என்பதுதான்.

வருஷக்கணக்கில் சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், பயிற்சியாளரெல்லாம் பிறகு. காதில் சீழ், பல்வலி, இடுப்பு மூட்டுத் தேய்மானம், உண்ணிக் காய்ச்சல் என்று எதுவாகவும் இருக்கலாம். நமக்குத் தெரிவது கோபம் மட்டும்தான். வயதான நாய்க்குக் கண்ணும் காதும் மங்கும். நம்மூர் ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் பதறிக் கடித்துவிடும்.

பயிற்சியாளர்களிலும் கவனம் தேவை. சோக் செயின் போட்டுச் சுண்டி இழுத்து, நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கி, “நீங்கதான் பாஸ்னு காட்டணும் சார்” என்று சொல்கிறவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், நாயையும் கொடுக்காதீர்கள். அடிப்பது, முறைப்பது, அமுக்குவது போன்ற முறைகளுக்குப் பல நாய்கள் எதிர்த்துப் பாய்ந்ததை 2009-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வே காட்டியிருக்கிறது.

குட்டி வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டது. ஆனாலும் 30 நாள் குட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அளவாகக் கடிப்பது எப்படி என்பதைக் குட்டி தன் தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடித்தான் கற்கிறது. 3 முதல் 14 வாரம் வரை பார்த்துப் பழகியதெல்லாம் அதற்குச் சகஜம், பார்க்காதது எதிரி. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய் ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சிலிண்டர் உருட்டி வருபவர், கோலூன்றி நடக்கும் தாத்தா எல்லோரையும் காட்டுங்கள். நாள் முழுக்கக் கேட்டருகே சங்கிலியில் கட்டிப் போட்டு வளர்த்தால், போகிற வருகிறவர்களிடம் வெறி ஏறத்தான் செய்யும்.

அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் ஏறும்போது, “ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க” என்று அடுத்தவரை அழைக்காதீர்கள். நாய்க்கு ஒதுங்க இடமே இல்லாத பெட்டி அது. அடுத்த லிஃப்டில் வரட்டும். கடித்த வரலாறு உள்ள நாய்க்கு வாய்மூடி அவசியம். அதையும் துணியில் வாங்காமல் கூடை மாதிரி உள்ளதாக வாங்குங்கள், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க வழி வேண்டும். நம் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டினால் நாய் சுருண்டுவிடும். வளர்ப்புப் பிராணியை அலட்சியமாக விட்டு மற்றவருக்கு ஆபத்து ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடித்தேவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி. அட்டையில் எழுதித் தருகிற மற்ற தேதிகளையும் தவறவிடக் கூடாது. ரத்தம் வரக் கடித்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும், டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். “நம்ம நாய்க்கு ஊசி போட்டாச்சே” என்று வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள். நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அந்த 10 நாள் முடியட்டும் என்று உங்கள் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து கிடையாது.