சேலைன் தீர்ந்துபோன முகாமில்

வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் கூடப் போகும் என்று எங்கள் ஊர்களிலே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முகாமில் வாழ்ந்தவர்கள் வேறொன்றையும் கேட்டிருப்பார்கள். "சுவாமி, பிள்ளைக்குச் சேலைன் ஏத்தச் சொல்லுங்கோ. இந்தப் பவுடரைக் கரைச்சுக் குடுக்கச் சொல்லி அனுப்பிப்போட்டினம்." ஜீவனிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழைகள் என்பதால் தங்களை ஏய்த்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கலோடு நின்ற தாய்மாரை நான் அறிவேன். அந்தப் பொதிக்கு ஒரு கதை உண்டு. அதுவும் ஊரை விட்டு ஓடிவந்தவர்களின் கதைதான்.

1971 மார்ச் 25ஆம் திகதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய பங்களாதேஷில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். கூடாரம் கிடைக்காதவர்கள் கல்கத்தாவின் புறத்தே கிடந்த பெரிய சீமெந்துக் குழாய்களுக்குள் குடியிருந்தார்கள். மழை தொடங்கியது, கூடவே கொலராவும் வந்தது.

கொலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்துபோவதுதான். கடுமையாகப் பீடிக்கப்பட்ட ஒருவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் வரை போய்விடும். காலையில் நடந்து திரிந்தவர் மாலையில் இறந்துபோவது இதனாலேயே. கிருமி சுரக்கும் நஞ்சே குடலை இப்படி ஊற்றச் செய்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே என்னும் விஞ்ஞானி முயலின் குடலில் பரிசோதித்துக் காட்டினார். உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மறுபுறத்தில், குடலானது உப்பையும் குளுக்கோசையும் சோடியாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று 1960இல் றொபேட் கிறேன் என்ற அமெரிக்கர் எடுத்துரைத்தார். இரண்டு பூட்டுப் போட்ட பெட்டகத்துக்கு இரண்டு திறப்பும் வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். வெறுந்தண்ணீர் போதாது, உப்புத் தண்ணீரும் போதாது. இனிப்பும் சேர்ந்தால் உப்பு உள்ளே போகிறது, அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. கொலராவின் நஞ்சு இந்த வாசலை அடைப்பதில்லை. 1968இல் டாக்காவில் நலின், காஷ் என்னும் இரு இளம் வைத்தியர்கள் இதை நோயாளரிடம் நிரூபித்தார்கள். ஆயினும் இது வைத்தியசாலையில், தேர்ந்தவர்களின் கையால் மட்டும் கொடுக்கப்படவேண்டியது என்றே பலர் எண்ணியிருந்தனர்.

1971 ஜூன் 24ஆம் திகதி திலீப் மகாலனாபிஸ் என்ற சிறுபிள்ளை வைத்தியர், எல்லையோர நகரான பொங்காவுக்குப் போனார். அங்கே நோயாளருக்கு இரண்டே அறைகள், பதினாறு கட்டில்கள். மற்றவர்கள் நிலத்திலே கிடந்தார்கள். சேலைன் ஏற்றுவதற்கு வாந்தியிலும் மலத்திலும் முழந்தாளிட வேண்டியிருந்தது. சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை.

அவர் ஒரு துணிகரமான முடிவெடுத்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. இவற்றைக் கல்கத்தாவில் நிறுத்து, பொலித்தீன் பைகளில் இட்டு, அழுத்தி மூடி அனுப்பினார்கள். முகாமிலே பீப்பாய்களில் கரைத்தார்கள். அடியில் குழாய் பூட்டிய அந்தப் பீப்பாய்களிலிருந்து தாயும் தகப்பனும் தமையனும் குவளையில் பிடித்து நோயாளிக்குப் பருக்கினார்கள். சேலைன் என்றால் ஊசியால் ஏற்றுவது என்றே அந்த மக்களும் அறிந்திருந்தார்கள். ஆகவே இதற்கு "வாய்வழிச் சேலைன்" என்று பெயர் சொல்லி நம்பிக்கை ஊட்டினார்கள்.

ஒன்பது பத்துக் கிழமைகளில் 3,700க்கும் அதிகமானோர் அங்கே சிகிச்சை பெற்றனர். முன்னர் நூற்றுக்கு முப்பது வரை இறந்த இடத்தில் 3.6 பேரே இறந்தனர். அப்படியும் உலகம் உடனே நம்பிவிடவில்லை. அறிக்கை 1973இல்தான் அச்சேறியது. 1978இல், இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என லான்செற் சஞ்சிகை எழுதியது. மகாலனாபிஸ் 2022இல் காலமானார்.

1980 முதல் பத்தாண்டுகளாகப் பங்களாதேஷில் பிராக் நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். மூவிரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை, அரை லீற்றர் அளவு தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் செய்து காட்டினார்கள். தொடக்கத்தில் தாய்மார் சரியாகச் சொன்னார்கள், ஆனால் செய்யவில்லை. விசாரித்தபோது, கற்பித்த பெண்களே தங்கள் வீட்டில் அதைப் பாவிக்கவில்லை என்பது தெரியவந்தது. (எம்போன்ற அபிவிருத்தி ஊழியர்கள் இதைப் படித்துச் சற்று நாணலாம்.) வீட்டு ஆண்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம். இரண்டையும் திருத்திய பின்னரே பாவனை கூடியது.

ஜீவனிப் பொதியில் எழுதியுள்ள அளவு தண்ணீரை, கொதித்தாறியதாகப் பார்த்து எடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பொதி இல்லையென்றால் ஒரு லீற்றருக்குத் தட்டி மட்டமாக்கிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கவேண்டாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். வைத்தியர் சிங்க் குளிசை தந்தால் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். கண் குழிவிழுந்து, பிள்ளை சோர்ந்து, குடிக்கவும் மாட்டாமல் கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். குடிக்கவும் மாட்டாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றுவதே முறை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகப் பருக்கத் தொடங்குங்கள்.