தலைமடையும் கடைமடையும்

நுழையும்முன்

ஒரு கணினியில் பிழையின்றி இயங்கிய நிரல் மற்றொரு கணினியில் இயங்க மறுக்கிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவ்வாறெனில் மாறியது எது? நிரலுக்கு அடித்தளமாக நிற்கும் நூலகங்களும் பதிப்புகளும் இயங்குதளங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் முறையையும், பொருந்தாதபோது காரணத்தைத் தேடிக் கண்டறியும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

கடைமடை தரும் பாடம்

காவிரி கடலைச் சேர்வதற்கு முன் பல கிளைகளாகப் பிரிகிறது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராயனாறு ஆகியவை காரைக்கால் வயல்களுக்கு நீர் கொண்டுவருகின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், கிழக்கே வங்கக்கடலையும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு நிலத்தையும் எல்லையாகக் கொண்டது. சுரக்குடி அங்குள்ள சிற்றூர்களுள் ஒன்று. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு அளித்த இறுதித் தீர்ப்பு இப்பகுதிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. ஆயினும் மேட்டூரில் அணை திறந்து, வழியிலுள்ள மதகுகளெல்லாம் முறையாக இயங்கினால்தான் அந்நீர் கடைமடையை எட்டும்.

தம் வயலில் நீர் வரவில்லையெனில் கடைமடை உழவர் வயலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வாய்க்கால் கரையோடு தலைமடை நோக்கி நடந்து, அடைப்பு எங்கே என்று பார்க்கிறார். மென்பொருளில் பிழை தேடுவோர் செய்ய வேண்டுவதும் இதுவே. ஒரு நிரல் சார்ந்திருக்கும் மூல மென்பொருளையும் அதனை உருவாக்குவோரையும் குறிக்க, ஆற்றின் மேற்பகுதி என்று பொருள்படும் சொல்லையே மென்பொருள் உலகினர் ஆங்கிலத்தில் வழங்குகின்றனர்.

நூலகமும் சார்பும்

நிரலர் எவரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பலருக்கும் பயன்படும் பணிகளை முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பதே நிரல் நூலகம். ஒரு நிரல் ஒரு நூலகத்தைச் சார்ந்திருக்கும். அந்நூலகம் வேறு சில நூலகங்களைச் சார்ந்திருக்கும். வாய்க்கால்போல் கிளைக்கும் இச்சார்புகளுள் ஒன்று அறுந்தாலும் கடைசியிலுள்ள நிரல் நின்றுவிடும்.

இதற்கு 2016 மார்ச் மாதம் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்தில் லெஃப்ட்-பேட் என்றொரு சிறு நூலகம் இருந்தது. ஒரு சொற்றொடரின் இடப்புறத்தில் வேண்டிய அளவு இடத்தை நிரப்புவதே அதன் பணி. அது 11 வரிகளில் அடங்கியது. அதனை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து அதை நீக்கியவுடன், உலகெங்கும் அதனை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அந்நூலகம் மீட்டுவைக்கப்பட்ட பின்னரே நிலைமை சீரானது.

தமிழுக்கு ஏன் தனி நூலகம்?

'சுரக்குடி' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? சு, ர, க், கு, டி என ஐந்து என்பது தொடக்கப்பள்ளிக் குழந்தையும் அறிந்தது. கணினியின் விடை வேறு. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகளுள் அகர வரிசைக்கு மட்டுமே தனிக்குறி உண்டு. ஏனைய உயிர்மெய்கள் அகர உயிர்மெய்யுடன் ஒரு துணைக்குறி சேர்ந்து உருவாகின்றன. மெய்யெழுத்தோ அகர உயிர்மெய்யுடன் புள்ளி சேர்ந்து உருவாகிறது. எனவே இச்சொல்லில் ஒருங்குறிப் புள்ளிகள் ஒன்பது. அவற்றை யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பெறுவதால் மொத்தம் 27 பைட்டுகள் ஆகின்றன. ஐந்து, ஒன்பது, இருபத்தேழு ஆகிய மூன்றும் தத்தம் அளவில் சரியானவையே. ஆனால் எழுத்திலக்கணத்திற்கும் யாப்புக்கும் அகராதிக்கும் வேண்டுவது ஐந்து என்னும் விடை மட்டுமே.

இவ்விடையைத் தரும் நூலகங்களுள் ஒன்று ஓப்பன்-தமிழ். முத்து அண்ணாமலை முதலான தன்னார்வலர்கள் இதனைப் பைத்தான் மொழியில் எழுதி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டுள்ளனர். ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருவது அதன் அடிப்படைப் பணிகளுள் ஒன்று.

பதிப்பு எண்கள் சொல்வது

மென்பொருளின் பதிப்பு பெரும்பாலும் புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று எண்களால் குறிக்கப்படும். பல நூலகங்கள் பின்பற்றும் மரபின்படி, மூன்றாம் எண் கூடினால் பிழை திருத்தப்பட்டுள்ளது. இரண்டாம் எண் கூடினால் பழையது கெடாமல் புதிய வசதி சேர்ந்துள்ளது. முதல் எண் கூடினால் பழைய நிரல்கள் இயங்காமல் போகக்கூடும்.

பைத்தான் மொழியே இதற்குச் சான்று. அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பில் 'சுரக்குடி' என்னும் சொல்லை வழக்கமான முறையில் எழுதி நீளம் கேட்டால் 27 என்று பைட்டுகளின் எண்ணிக்கை வரும். மூன்றாம் பதிப்பில் 9 என்று ஒருங்குறிப் புள்ளிகளின் எண்ணிக்கை வரும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியோர்க்குப் பெரிதாகத் தோன்றாத இம்மாற்றம் தமிழுக்கு இன்றியமையாததாக அமைந்தது. எனினும், பழைய நிரல்கள் பல புதிய பதிப்பில் இயங்கவில்லை. ஆகவே இரு பதிப்புகளும் பத்தாண்டுக்கு மேல் அருகருகே வழங்கின. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது.

நூலகங்களும் இதற்கேற்ப மாறின. எண்கணிப்புக்குரிய நம்பை என்னும் நூலகத்தின் 1.16 வரிசையே பைத்தான் 2.7-இல் இயங்கிய கடைசி வரிசை. அதற்குப் பிந்திய நம்பையைப் பழைய பைத்தானில் நிறுவ முயன்றால் பிழைச்செய்தியே கிடைக்கும். 'அண்மைப் பதிப்பு' எப்போதும் பொருத்தமான பதிப்பாக இருப்பதில்லை.

இயங்குதளங்களின் வேறுபாடு

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோசுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஒரே கணினியில் இரு இயங்குதளங்கள் இருந்தமையால், ஒன்றில் எழுதிய நிரல் மற்றதில் வேறுவிதமாக நடந்துகொள்வதைப் பல மாணவர்கள் நேரில் காண முடிந்தது. அவ்வேறுபாடுகளுள் சில வருமாறு:

முதலாவது, கோப்புப் பெயர். லினக்சு ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும்; விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கருதும்.

இரண்டாவது, இயந்திர மொழி. முழுவதும் பைத்தானில் எழுதப்பட்ட நூலகம் பெரும்பாலும் எங்கும் இயங்கும். சி போன்ற மொழிகளில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட பகுதிகளைக் கொண்ட நூலகமோ, இயங்குதளத்திற்கும் செயலிக்கும் ஏற்பத் தனித்தனியே உருவாக்கப்பட வேண்டும். 64 பிட்டுக்கு உருவாக்கியதை 32 பிட்டுப் பைத்தான் ஏற்காது.

மூன்றாவது, குறியாக்கம். பைத்தான் 3-இன் பல பதிப்புகள், குறியாக்கம் குறிப்பிடப்படாத கோப்பைப் படிக்கும்போது இயங்குதளத்தின் இயல்பு வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. லினக்சில் அது பொதுவாக யூ.டி.எஃப்-8. ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது 1252 என்னும் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்.

பிழையைத் தேடும் முறை

சுரக்குடியில் வாழும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காரைக்கால் வட்டாரத்து ஊர்ப்பெயர்களின் எழுத்துகளை எண்ணும் நிரலை எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் கணினியில் லினக்சு உள்ளது. நிரல் சரியாக இயங்குகிறது. வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் 'தமிழ் என்னும் நூலகம் இல்லை' என்ற செய்தி வருகிறது. நூலகத்தையோ அவள் சற்றுமுன்தான் நிறுவினாள். நிறுவல் முடிந்ததென்ற செய்தியும் வந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவது பலர் செய்யும் முதல் வேலை. அது காரணத்தையும் சேர்த்து அழித்துவிடும். முதலில் செய்ய வேண்டுவது பிழைச்செய்தியை முழுமையாகப் படிப்பதாகும். பைத்தானில் அச்செய்தியின் கடைசி வரி என்ன நேர்ந்தது என்பதையும், அதற்கு மேலுள்ள வரிகள் எங்கே நேர்ந்தது என்பதையும் சொல்லும்.

அடுத்து, நிறுவிய இடமும் இயங்கும் இடமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கலாம். பிப் என்னும் நிறுவுகருவி நூலகத்தை ஒன்றில் வைத்திருக்க, நிரல் மற்றொன்றில் இயங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டுத் தன் வயல் காய்கிறதே என்று வருந்துவதற்கு ஒப்பானது இது. எந்தப் பைத்தான் நிரலை இயக்குகிறதோ, அதனைக் கொண்டே பிப்பை அழைத்தால் இக்குழப்பம் நீங்கும்.

பெயரையும் சரிபார்க்க வேண்டும். இந்நூலகத்தை நிறுவும்போது தர வேண்டிய பெயர் ஓப்பன்-தமிழ். நிரலுக்குள் அழைக்கும் பெயரோ தமிழ் என்பது மட்டுமே. மாணவி தன் நிரல் கோப்புக்கும் அதே பெயரை இட்டிருந்தால், பைத்தான் நூலகத்தை விட்டுவிட்டு அக்கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

இவை சீரானபின் நிரல் ஊர்ப்பெயர்க் கோப்பைப் படிக்கத் தொடங்கி, 'சுரக்குடி' என்னும் பெயரில் பிழையுடன் நிற்கிறது. அப்பெயரை நீக்கி 'நிரவி' என்பதை மட்டும் கொடுத்தால் பிழைச்செய்தி இல்லை. ஆனால் மூன்று எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற பதினைந்து குறிகள் வருகின்றன. காரணம் நுட்பமானது. உகரக் குறிக்கும் மெய்ப்புள்ளிக்கும் உரிய பைட்டுகளுள் ஒன்று 1252 குறியாக்கத்தில் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படவில்லை. எனவே 'சுரக்குடி' என்பதைப் படிக்க இயலாமல் நிரல் நிற்கிறது. 'நிரவி' என்பதன் பைட்டுகள் யாவும் ஏதேனும் ஓர் அயல் எழுத்துக்கு உரியவை. எனவே தவறான விடை தடையின்றி வெளிவருகிறது. நிற்கும் நிரலைவிட, தவறாக ஓடும் நிரலே ஆபத்தானது. கோப்பைத் திறக்கும் வரியில் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டவுடன் இரு கணினிகளும் ஒரே விடையைத் தருகின்றன.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும், மாற்றியதையும் விளைவையும் குறித்துவைப்பதும் இத்தேடலின் அடிப்படை நெறிகள். ஒவ்வொரு நிரலுக்கும் தனிச்சூழல் ஒன்றை அமைத்து, அதற்குரிய நூலகங்களை அதற்குள் மட்டும் நிறுவுவது நன்று. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படியே நிரலுக்குத் தனிச்சூழல். பயன்படுத்திய பதிப்புகளின் பட்டியலை நிரலுடன் சேர்த்து வைத்தால், மற்றொருவர் அதே நிலையை மீண்டும் உருவாக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

'கோட்டுச்சேரி' என்னும் ஊர்ப்பெயரிலுள்ள 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அவை வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை இவ்வாறு பிரித்தே சேமித்தது. எனவே ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொணர்தல் வேண்டும்.

தமிழின் பட்டறிவு

பொருந்தாமையின் துன்பத்தைத் தமிழ் முன்னரே அறியும். 1990களில் எழுத்துரு உருவாக்கியோர் பலரும் தத்தமக்கெனத் தனிக் குறியாக்கம் வைத்திருந்தனர். ஒருவர் தட்டச்சு செய்த கோப்பு, அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய குறியாக்கங்களில் உள்ள கோப்புகள், மாற்றித் தரும் கருவி இருந்தால் மட்டுமே இன்று படிக்கத்தக்கவை. அக்கருவிகளையும் எவரேனும் புதிய பதிப்புகளுக்கேற்பப் பேணிவர வேண்டும்.

இங்குதான் கடைமடையின் உவமை வேறொரு பொருளைப் பெறுகிறது. ஆற்றில் கடைமடை என்றும் கடைமடையே. மென்பொருளிலோ அந்நிலை மாறக்கூடியது. சுரக்குடி மாணவி தான் கண்ட பிழையை, இயங்குதளம், பதிப்பு எண், பிழைச்செய்தி, அதனை மீண்டும் நிகழ்த்தும் வழி ஆகியவற்றுடன் தெளிவாக எழுதி நூலகத்தைப் பேணுவோர்க்கு அனுப்பலாம். திருத்தத்தையும் தானே எழுதி அனுப்பலாம். அது ஏற்கப்பட்டால், அந்நூலகத்தைப் பயன்படுத்தும் தமிழர் அனைவர்க்கும் அத்திருத்தம் சென்று சேரும். அப்போது தலைமடை சுரக்குடியிலேயே இருக்கும்.